கண்ட்ரோல் எலிகளுக்கு ஒரு ஏணி

1. மங்கிய வலை

"அக்கா, உங்க ஸ்டெய்ன் சரியில்லன்னு நினைக்கேன்" என்று பெனாசிர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஐதராபாத்தில் ஒரு மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னிக்கல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூளையை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றுவதுதான் அப்போது என் பிழைப்பு. என் சமையலைக் குறை சொன்னால் சிரித்துக்கொள்வேன், ஸ்டெய்னைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டேன்.

பெனாசிர் கடையநல்லூர்ப் பெண், பிஎச்.டி. மாணவி. அவள் மைக்ராஸ்கோப்பில் தேடிக்கொண்டிருந்தது பெரிநியூரானல் நெட் என்கிற வலையை. மூளையில் சில நரம்பு செல்களைச் சுற்றிச் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பின்னிய உறை அது. சின்ன வயதில் சரியாக உருவாகியிருக்காது. கற்கும் பருவம் முடிய முடிய இறுகும். கற்றதைப் பத்திரமாக வைத்திருக்கும், புது மாற்றத்துக்குக் கொஞ்சம் முட்டுக்கட்டையும் போடும். அதைக் கரைக்கிற என்சைமை வளர்ந்த எலியின் மூளையில் செலுத்தினால், குட்டியாக இருந்தபோதிருந்த நெகிழ்ச்சி ஓரளவு திரும்புகிறது.

பெனாசிர் பாதி எலிகளுக்கு என்சைம் போட்டாள். மீதி, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கண்ட்ரோல் எலிகள். அவற்றுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. என்சைம் எலிகளில் வலை மங்க வேண்டும், கண்ட்ரோலில் பளிச்சென்று தெரிய வேண்டும். ஆனால் இரண்டுமே மங்கிக் கிடந்தன.

லேப் தலைவரும் அவளுடைய கைடுமான எங்கள் சார் ஸ்கிரீனைப் பார்த்தார். "கண்ட்ரோல் சரியா வரலைன்னா தீசிஸ்ல இந்த சாப்டரே கிடையாதும்மா. உன் ஃபெலோஷிப்பும் முடியப்போறது, யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இந்த வருஷம் முடிச்சிருவேன்னு வீட்ல சொல்லிட்டேன்லாக்கா" என்றாள் பெனாசிர். கோபமெல்லாம் போய், முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்க்க உட்கார்ந்தேன்.

2. அந்தோணியின் கைங்கர்யம்

சாயத்தோடு வலையில் போய் ஒட்டுகிற லெக்டின் என்னும் புரதத்தைப் புது பாட்டிலிலிருந்து எடுத்தேன். பக்கத்து லேபில் ஒரு சாதாரண எலியின் மூளைச் சீவலைக் கேட்டு வாங்கி, இவள் சீவல்களோடு ஒரே தட்டில் சாயம் ஏற்றினேன். பக்கத்து லேப் எலியில் வலை ஜம்மென்று ஒளிர்ந்தது. என் மானம் பிழைத்தது. பெனாசிரின் முகம் இன்னும் வாடியது. சாயம் சரியென்றால் கோளாறு எலியில்தானே.

இருவரும் அனிமல் ஹவுசுக்குப் போனோம். அங்கே எலிகளைப் பராமரிப்பவர் அந்தோணி. செகந்திராபாத் திருமுல்கேரிக்காரர், மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது பேச்சில் கலந்துவிடும். இன்னும் மிச்சமிருந்த என்சைம் எலிகளின் கூண்டில் உமியும் தீனியும் தண்ணீரும் மட்டும். கண்ட்ரோல் என்று அட்டை தொங்கிய கூண்டுகளில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஐஸ்கிரீம் குச்சியில் ஏணி, பிளம்பிங் பைப்பில் சுரங்கம், அட்டை உருளை. ஒரு எலி ஏணி உச்சியிலிருந்து எங்களை மேலும் கீழும் பார்த்தது.

"என்ன அந்தோணி இது?"

"பாவம்க்கா. அந்தப் பக்கத்து எலிங்களுக்கு மருந்து கெடைக்குது. இதுங்களுக்கு ஊசிய மட்டும் குத்திட்டு மருந்து குடுக்கலியாமே, கைக்கு? அதான் ஆடட்டும்னு போட்டேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்தி வெக்கறேன்."

பெனாசிர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஏறி இறங்க, மோந்து பார்க்க, தினம் ஏதாவது புதிதாகக் கிடைத்தால் வளர்ந்த எலியின் மூளையிலும் வலை மெலியும். ஊசி செய்ததை ஏணியும் செய்திருக்கிறது.

நான் பைப்பை வெளியே எடுக்கப் போனேன். "நக்கோக்கா, உள்ள ஒண்ணு தூங்குது" என்றார் அந்தோணி.

பெனாசிர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுக்க வேண்டாம்க்கா. இது ஒரு குரூப்பா இருக்கட்டும். வெறுங்கூண்டுல புதுசா ஒரு கண்ட்ரோல் வைப்போம்."

சார் திட்டிவிட்டு, மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி அவளுக்கு ஃபெலோஷிப் நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார்.

3. பளிச்

வெறுங்கூண்டுகளுக்குப் புது எலிகள் வந்தன. அந்தோணி அந்த வரிசையைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் நான்தான் சாயம் ஏற்றினேன். வெறுங்கூண்டு எலிகளில் வலை ஒவ்வொரு கண்ணியும் எண்ணலாம் போல ஒளிர்ந்தது. பெனாசிர் என்னைக் கட்டிக்கொண்டாள். சாப்டர் தேறியது, பட்டமும் வந்தது.

அந்தோணியைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. சும்மாவே குந்தினு இருந்தா இப்பிடி ஆயிடுமா?"

"ஆமாண்ணே" என்றாள்.

வலை ஒன்றும் வில்லன் இல்லை. அது இல்லாவிட்டால் கற்றது தங்காது. ஆனாலும் சர்வீஸ் முழுக்க 'நல்ல ஸ்டெய்ன்' என்று நான் சுவரில் ஒட்டிப் பெருமைப்பட்ட பளிச்செல்லாம், செய்ய ஒன்றுமில்லாமல் நாளை ஓட்டிய எலிகளுடையது. கண்ட்ரோல் என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவது என்றே நினைத்திருந்தேன். அப்படி விடுவதும் மூளைக்குச் செய்கிற ஒரு காரியம்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்குமுன் கூண்டைப் போய்ப் பாருங்கள்.