நல்லா காத்து வருது

இந்த நிலாவில் யாராவது "காத்து வருது" என்று கத்தினால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் வாயில் இருப்பதை முழுங்கக்கூட நிற்கமாட்டான். தட்டைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் பாய்ந்து கதவைச் சாத்திக்கொள்வான். வெளியே காற்று என்பதே கிடையாது. இருப்பதெல்லாம் அறைகளுக்குள்ளும் நடைகளுக்குள்ளும் அடைத்து வைத்திருப்பதுதான். அது ஆடாமல் அசையாமல் கிடக்கிறவரை எல்லோருக்கும் உயிர் உண்டு. கன்னத்தில் சில்லென்று பட்டால், எங்கேயோ சுவரில் ஓட்டை, காற்று வெளியே ஓடுகிறது என்று அர்த்தம்.

அந்த ஓட்டையைத் தேடிப் பிடிக்கிறவர்தான் நம்ம ஆள். ஓட்டைக்காரர் என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது. முப்பது வருஷமாக, ஈரத்துணியால் கன்னத்தை நனைத்துக்கொண்டு சுவரோரமாகவே நடப்பார். சில்லென்று படுகிற இடத்தில் ரப்பர் துண்டை வைத்துப் பசை போட்டு அமுக்குவார். இந்த நிலாவில் எறும்பு கிடையாது. இருந்து, அது கொட்டாவி விட்டிருந்தால் அவர் கன்னத்துக்குத் தெரிந்திருக்கும். படித்தது ரெண்டாம் வகுப்பு. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவிலேயே மாப்பிள்ளை நின்ற இடத்தில் ஒரு கலங்கல்தான் இருக்கும்.

அவருக்கு ஒரே மகள். நர்ஸ் வேலை கிடைத்து, எட்டு நாளைக்கு முன்னால் கீழே போனாள். கீழே என்றால், தலைக்கு மேலே பூதம் மாதிரித் தொங்குகிறதே, அந்தப் பெரிய கிரகம். மேலே தொங்குவதை ஏன் கீழே என்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அங்கிருந்தும் சரி, இங்கிருந்தும் சரி, எட்டு நாளைக்கு ஒரு தரம்தான் ரெண்டு வரி அனுப்ப விடுவார்கள். முதல் செய்தி அன்று காலையில் வந்தது.

"சௌக்கியம். சாப்பாடு பரவால்ல. என் ரூமுல நல்லா காத்து வருது. கவலைப்படாதீங்க."

காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, சம்சாரம் துணி தேய்க்கிற சலவைக் கூடத்துக்கு ஓடினார் ஓட்டைக்காரர்.

"படிச்சியாடி இதை? நல்லா காத்து வருதாம்! கவலைப்படாதீங்களாம்!"

"ஏங்க, கீழ எங்க பாத்தாலும் காத்து சும்மாவே கெடக்கும்னு சொல்வாங்களே."

"கெடக்கட்டும்! கெடக்குற காத்து கெடக்கணும். வரக்கூடாது. வந்தா எங்கயோ போகுதுன்னு அர்த்தம்."

"எழுதுற அளவுக்குத் தெம்பா இருக்கால்ல?"

"என் மகடி அவ! ஓட்டைக்கு முன்னால நின்னுக்கிட்டு, அப்பன் பயந்துருவானேன்னு கவலைப்படாதீங்கன்னு எழுதுவா."

சம்சாரத்தின் முகம் மாறிவிட்டது. இஸ்திரிப்பெட்டி ஒரு கால்சட்டையில் பொத்தல் போட்டதை ரெண்டு பேரும் கவனிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஓட்டையைப் பார்க்காமல் ஓட்டைக்காரர் ஓடினார்.

கீழே பேசுகிற லைன் ஆபீஸில் குமாஸ்தா கையை நீட்டித் தடுத்தார். "அண்ணே, பேசுற லைனு உயிர் போற விஷயத்துக்கு மட்டுந்தான்."

ஓட்டைக்காரர் காகிதத்தைக் கொடுத்தார். குமாஸ்தாவும் இதே நிலாவில் பிறந்தவர்தானே. படித்ததும் வெளிறிப்போனார்.

"ஐயோ அண்ணே! 'நல்லா'ன்னு வேற போட்டிருக்கே!"

மகள் இருக்கிற ஊர் இந்தப் பக்கம் திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆகும் என்றார். அந்த ரெண்டு மணி நேரத்தில் ஓட்டைக்காரர் ஆபீஸை நானூறு சுற்று சுற்றியிருப்பார். கன்னத்தை நனைத்துக்கொண்டு எல்லாச் சுவரையும் தடவினார். ஒரு பொட்டு ஓட்டைகூட இல்லை. அதற்கும் எரிச்சல்பட்டார். கைக்கு ஒரு வேலை இருந்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்கியிருக்கும்.

லைன் கிடைத்தது.

"அம்மா! எந்தப் பக்கச் சுவருல?"

"என்னப்பா சுவரு?"

"காத்துடி! ஈரத்துணியால கன்னத்தைத் தொடச்சுக்கோ..."

"ஜன்னல்லதான்பா வருது. தெறந்து வச்சிருக்கேன்."

"தெறந்தா? யாரு தெறந்தது?"

"நான்தான்."

குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். மறுமுனையில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இங்க வெளியிலயும் காத்துதான்பா. அது உள்ள வருது."

"உள்ள வருதா? வெளிய போகலையா?"

"ஒரு பக்கம் வருது, இன்னொரு பக்கம் போகுது."

"பாத்தியா! போகுது!"

"திரும்பவும் வரும்பா!"

"யாரு அனுப்புறா?"

"யாரும் அனுப்பல. அதுவா வருது."

"அப்ப எப்பத் தீரும்?"

"தீராதுப்பா. இருங்க, நீங்களே கேளுங்க."

போனை ஜன்னலில் நீட்டினாள் போலிருக்கிறது. உஸ்ஸ் என்று ஒரு சத்தம். முப்பது வருஷமாக எந்தச் சத்தத்தைக் கேட்டால் பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாரோ, அதே சத்தம். அதற்கு நடுவில் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கவில்லை, திணறவில்லை. குரலில் நல்ல தெம்பு. உயிரோடுதான் இருக்கிறாள் என்று அவர் காது ஒத்துக்கொண்டது. கால் ஒத்துக்கொள்ளவில்லை, அது நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"சாத்திரும்மா. அப்பா பேசி முடிக்கிற வரைக்குமாவது."

டக்கென்று ஒரு சத்தம். உஸ் நின்றது.

"சாத்திட்டேன். வேர்க்குதுப்பா."

"வேர்க்கட்டும். கொக்கி போட்டியா?"

"போட்டேன், போட்டேன்."

லைன் அறுந்தது. அறுந்த அடுத்த நொடியே ஜன்னலைத் திறந்திருப்பாள் என்று ஓட்டைக்காரருக்குத் தெரியாதா என்ன? பெற்றவராயிற்றே.

"பிள்ள பத்திரமா அண்ணே?" என்றார் குமாஸ்தா.

"பத்திரந்தான். எனக்கும் ரெண்டு வரி பாக்கி இருக்குல்ல? எழுதிக்க. ஜன்னலை முழுசாத் தெறக்காத. பாதி போதும்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஓட்டைக்காரர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"அதை அடிச்சிரு. முழுசாவே தெறந்துக்கோன்னு போடு."

"சரிண்ணே."

மறுபடி வாசல். மறுபடி திரும்பினார்.

"ஆனா பக்கத்துல நிக்காதன்னு சேத்துக்க."