கட்டிலோரம் ஒரு மூட்டை வத்தல்

விருதுநகரில் மிளகாய் வத்தல் சேமிக்கும் ஒரு கிட்டங்கியின் சாவி பத்தொன்பது வருடமாகச் செய்யது அபுதாஹிரின் இடுப்பில் கிடந்தது. வந்த மூட்டை, போன மூட்டை, இருக்கிற மூட்டை எல்லாம் அவர் பொறுப்பு. இடையில் முதலாளி மாறினார், சாவி மாறவில்லை.

புது முதலாளி சங்கரபாண்டியன், எம்.புதுப்பட்டி என்ற ஊரில் பட்டாசுக் கம்பெனி நடத்திவிட்டு வந்தவர். பட்டாசில் ஆயிரம் பெட்டி அடுக்கினால் அடுத்த சீசனிலும் ஆயிரம் பெட்டிதான். வத்தல் வியாபாரத்துக்கு வந்த பிறகும் அவர் புத்தி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

2006 மார்ச் முப்பத்தொன்று. பேங்க் கடனுக்காக இருப்புச் சரக்கை மதிப்புப் போட வந்த ஆடிட்டர், நானூறு மூட்டையையும் தராசில் ஏற்றச் சொன்னார். மூட்டைக்கு நாற்பது வீதம் ஏட்டில் பதினாறாயிரம் கிலோ. தராசில் நானூற்றெண்பது கிலோ குறைந்தது. விலை போட்டால் பத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.

"எங்க போச்சு, பாய்?"

"காஞ்சிருச்சு மொதலாளி. ஈரத்தோட வந்த சரக்கு."

"என் பட்டாசு என்னைக்காவது காஞ்சு கொறஞ்சிருக்கா? களவுன்னு சொல்லும்!"

லோடுமேன்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தொகை அபுதாஹிர் பேரில் பற்று எழுதப்பட்டது. மாதம் ஐந்நூறு பிடித்தம். மூன்று வருடம் இரண்டு மாதம், மிச்சம் இருநூறு என்று அபுதாஹிர் மனக்கணக்குப் போட்டார். பணம் போனால் போகட்டும். திருடன் என்ற பேரோடு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போக அவருக்கு அவமானமாக இருந்தது.

வத்தல் காயத்தான் செய்யும் என்று பஜார் வியாபாரிகள் வந்து சொல்லிப் பார்த்தார்கள். "அவருக்குப் பரிஞ்சு பேச வந்தீகளா?" என்று கேட்டு, ஆளுக்கொரு காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார் முதலாளி. உபசாரத்தில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது.

அபுதாஹிர் ஒன்றே ஒன்று கேட்டார். அன்று வந்த லோடில் ஒரு மூட்டையைச் சரியாக நாற்பது கிலோ நிறுத்து, வாயைத் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, முதலாளி தூங்கும் அறையிலேயே போட வேண்டும். அறைச் சாவி முதலாளியிடம் மட்டும். சங்கரபாண்டியன் சம்மதித்தார். அந்தச் சித்திரை முழுக்க அவர் குடும்பமே தும்மியது.

மே மாதம் நிறுத்தார்கள். முப்பத்தெட்டு கிலோ எண்ணூறு. ஒரு கிலோ இருநூறு குறைவு; நானூறு மூட்டைக்குப் பெருக்கினால் அதே நானூற்றெண்பது.

முதலாளி முத்திரையைத் தடவிப் பார்த்தார். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். குழம்புக்கு எடுத்தாயா என்று மனைவி பொன்னுத்தங்கத்திடம் கேட்டார்.

"ஒரு கிலோ வத்தலுக்கு மூட்டையப் பிரிக்க எனக்கென்ன கிறுக்கா?" என்றாள் அவள்.

"அப்ப யாருதான் எடுத்தா?"

"நீங்க எடுக்கலேன்னா நானும் எடுக்கல மொதலாளி" என்றார் அபுதாஹிர்.

சங்கரபாண்டியன் ஏப்ரல் சம்பளத்தில் பிடித்த ஐந்நூறை எடுத்து நீட்டினார்.

"அது கெடக்கட்டும். களவுன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னீக. காஞ்சுதான் கொறஞ்சதுன்னும் அங்கன வந்து சொல்லுங்க."

முதலாளி சட்டையை மாட்டிக்கொண்டு கிட்டங்கிக்குக் கிளம்பினார்.