நாலாவது சீட்டும் என் வலைப்பூவின் பெயரும்

மூன்று பேருக்கென்று செய்த பெஞ்சில் நான்காவதாக ஒருவர் உட்காரும் ஊர் இது. மும்பை லோக்கல் ரயிலில் அதற்கு ‘ஃபோர்த் சீட்’ என்றே பெயர். ‘ஜரா சர்க்கோ’ என்றால் மூவரும் நாலு விரற்கடை நகர்வார்கள். அதில் பாதி உடம்பை வைத்துக்கொள்ளலாம். திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில், முன்பின் தெரியாதவரை நெருக்கினால் சண்டை வருமே என்று நின்றுகொண்டே ஆபீஸ் போவேன். பதினேழு வருடமாக என் பாதி உடம்புக்கு இடம் பிடித்து வைப்பவர் சாவந்த். அவர் மான்குர்தில் ஏறுவார், நான் செம்பூரில்.

போன மாதம் தமிழில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். எழுதியது ஒரு பத்தி. பெயருக்கு மட்டும் ஒரு நோட்டு தீர்ந்தது. ‘தாமிரபரணி முதல் மித்தி நதி வரை’ என்றேன். “மித்தி ஆத்துச் சாக்கடைப் பேரைப் போட்டா படிக்கிறவுக மூக்கைப் பொத்திக்கிடுவாக” என்றாள் மனைவி. ‘மும்பையின் மனசாட்சி’ என்றேன். “தண்ணி வரலைன்னு பில்டிங் சொசைட்டி செக்ரட்டரிகிட்ட கேக்கவே உங்களுக்கு வேர்க்கும். நம்ம பிள்ளைக்குப் பேரு வைக்க அரைமணி நேரம்கூட ஆகலையே.” கடைசியில் ‘அந்நிய ஊர்’ என்று வைத்தேன். சோகமாக இருந்தது, ஆகவே இலக்கியமாகவும் இருக்கும் என்று நம்பினேன். ஊரிலிருக்கும் சித்தப்பா மகன்கள் வாட்ஸப்பில் கைகூப்பினார்கள்.

மறுநாள் ரயிலில் சாவந்த் என் போனை எட்டிப் பார்த்தார். “அண்ணா, யே க்யா ஹை?” என் வலைப்பூ என்றேன். பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். என் வாய் என்னைக் கேட்காமலே, “ஹமாரா ஷஹர்” என்றது. நம்ம ஊராம். அவர் பூரித்துப்போய், மகளுக்குக் காட்ட வேண்டும் என்று அதைப் படமெடுத்துக்கொண்டார்.

தமிழைத் தடவித் தடவிப் படிக்கும் என் மகள், அன்று மாலை தன் போன் கேமராவை என் வலைப்பூவுக்கு நேரே பிடித்தாள். அது ஒரு நொடியில் இந்தியில் ‘பராயா ஷஹர்’, அந்நிய ஊர் என்றே காட்டிக்கொடுத்தது. சாவந்தின் மகளிடம் போன் இருக்காதா? அடுத்த இரண்டு நாள் வேறு பெட்டியில் ஒளிந்து, நின்றுகொண்டே போனேன். சீட்டுக்காக மட்டும் இல்லை. அப்பா தவறிய செய்தி எனக்கு அந்த வண்டியில்தான் வந்தது. அன்று ஆபீசுக்கு மட்டம் போட்டு, என் கையை விடாமல் கூட்டிப்போய் ஊர் ரயிலில் ஏற்றிவிட்டவர் அவர். அவருடைய ஊரைத்தான் அந்நியம் என்று எழுதி, அவரிடமே பொய்யும் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் செம்பூரில், வாசலில் தொங்கியபடி அவரே கத்தினார். “ஏ அண்ணா, இதர் ஆ!” ஓடிப்போய் ஏறினேன். என் இடத்தில் அவருடைய பை இருந்தது. “ரெண்டு நாளா உன் சீட்டில் இதுதான் வருது. இதுக்காக ரெண்டு பேரோட சண்டை வேற” என்றார் இந்தியில். நான் பெயரைப் பற்றி உளற ஆரம்பித்தேன்.

“மகள் போன்ல பார்த்துச் சொன்னா. சரியான பேருதான். நான் கொங்கணத்திலிருந்து வந்து முப்பது வருஷம். கணபதி பண்டிகைக்கு ஊருக்குப் போனா ‘மும்பைக்காரன் வந்துட்டான்’னு நாற்காலி போடுறாங்க. சொந்த வீட்டிலே நாற்காலி. அது கிடக்கட்டும், என்கிட்ட ஏன் பொய் சொன்னே?”

“பயம்.”

“என்ன பயம்?”

“சீட் போயிடும்னு.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சாவந்த் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்; குர்லா வருவதற்குள் என் பாதி உடம்பு அங்கே உட்கார்ந்துவிட்டது.

அன்றே பெயரை மாற்றினேன்: ‘நாலாவது சீட்’. மனைவிகூட மறுப்புச் சொல்லவில்லை. அப்படியென்றால் என்ன என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். பாதி உடம்பு பலகையில் இருக்கும், பாதி அந்தரத்தில். வண்டி வளையும்போது விழாமலிருக்கப் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொள்வேன். அவரும் ஜன்னலுக்கு வெளியே வேறெதையோ பார்த்தபடி, இன்னும் ஒரு விரற்கடை நகர்வார்.