லாரி ட்யூபில் நிமிர்ந்த பட்டு

இளம்பிள்ளையில் ஆரி வேலைப் பட்டறை வைத்தேன். அதன் மேலேயே மாடி எழுப்பினேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்த வங்கிக்காரர், தன் மகள் கல்யாணத்து ரவிக்கைக்கு என்னிடம்தான் வந்து நின்றார். கை கொடுத்துத் தூக்கிவிட ஆள் கிடையாது. எல்லாம் ஒரு மழை நாளில் ஆரம்பித்தது.

அன்று அத்தை, ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைத் துணியை மரச்சட்டத்தில் கட்டி மயில் போட்டுக்கொண்டிருந்தார். மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். ஈரக்காற்றில் பட்டு தொய்ந்துவிட்டது. தொய்ந்த துணியில் கொக்கி ஊசியைக் குத்தினால் இழையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். கயிற்றை எத்தனை இறுக்கினாலும் துணி மறுபடி தொட்டிலாகத் தொங்கியது.

தறிக்காரரான அப்பா, பாவு நூல் விறைக்கப் போடும் கஞ்சியோடு வந்தார். "இதைத் தெளி. வெறப்பா நிக்கும் பாரு."

"ஏனுங்ண்ணா, இதென்ன உங்க தறிப் பாவா? பட்டுல கறை புடிச்சா அந்தப் புள்ள கண்ணாலத்துக்கு எதைப் போட்டுக்கும்?" அத்தை அழுதுகொண்டே சட்டத்தின் மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறி தட்டியது. வாசலில் மாமாவின் லாரி நின்றது. அதன் தார்ப்பாயை இழுத்துப் பிடித்திருந்தவை பழைய ட்யூபில் கிழித்த ரப்பர் பட்டைகள். கொட்டுகிற மழையில் ஏறி, அகப்பட்டதை எல்லாம் அவிழ்த்து வந்தேன். கயிற்றை எடுத்துவிட்டு அவற்றை இழுத்துக் கட்டினோம். அடடா, பட்டு நிமிர்ந்ததே ஒரு நிமிர்வு! சுண்டினால் டம்மென்றது. அது தொய்யத் தொய்ய ரப்பர் இழுத்துக்கொண்டது. அத்தையின் ஊசி பறந்தது. விளக்கு வைப்பதற்குள் மயில் தோகை விரித்துவிட்டது.

"எந்த நாயிடா என் தார்ப்பாய அவுத்தது?" என்று கத்திக்கொண்டே வந்த மாமா, மயிலைப் பார்த்ததும் குரலை மாற்றினார். "நாஞ்சொன்ன மாதிரியே கட்டீட்டயா?"

ஊர் அதை நம்பியது.

அத்தை மட்டும் என் தலையைத் தடவி, "நீ இல்லாட்டி இந்தச் சட்டம் நிக்காது சாமி. நாளைக்கும் வந்துரு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை. அந்த 'நாளைக்கும் வந்துரு'வுக்கு ஒரு முடிவே இருக்காது என்பதும் எனக்கு அன்று விளங்கவில்லை.

இன்று இந்தப் பக்கத்துச் சட்டங்களில் எல்லாம் ரப்பர் பட்டைதான். கேட்டால் மாமாவின் யோசனை என்கிறார்கள். லாரி அவருடையது, ஒப்புக்கொள்கிறேன். யோசனை என்னுடையது. அதற்காக மூன்றாம் வகுப்பையே விட்டவன் நான். இனி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பேரைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.