மாமன் மடி இல்லாத மொட்டை

என் மகளுக்கு மொட்டை போட நாள் குறித்திருந்த மாதத்தில்தான் என் அண்ணன் இறந்துபோனார்.

அம்மனை நம்பிக் காலம் தள்ளுகிற என் அக்கா தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இது முழுக்கச் சந்தோஷமான கதை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது ஏனாத்தூர் பக்கம், வாழ்க்கைப்பட்டது பெரிய காஞ்சிபுரத்தில். என் கணவர் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். என் மகள் யாழினி, மாமியார், நாங்கள் இருவர், இவ்வளவுதான் வீடு. மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் குலதெய்வம் பொன்னியம்மன். வாலாஜாபாத் தாண்டி உள்ளே போனால் ஏரிக்கரையில் சின்னக் கோயில். வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும் முதல் முடி அவளுக்குத்தான். தாய்மாமன் மடியில், கிழக்கு பார்த்து உட்கார வைத்து எடுக்க வேண்டும். அதுவரை தலையில் கத்தரிக்கோல்கூடப் படக்கூடாது.

யாழினிக்குப் பதினோராம் மாதம், வைகாசியில் நாள் பார்த்திருந்தோம். அண்ணன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவருக்குக் குழந்தை இல்லை, அதனால் யாழினி என்றால் உயிர். மொட்டைக்கு என்னென்ன சீர் செய்யப் போகிறேன் என்று தினமும் போன் செய்து சொல்லிக் கொண்டிருந்தார். நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவரை லாரி இடித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் கிடந்தவர் பிழைக்கவில்லை. சீர்த்தட்டு எடுத்து வர வேண்டிய வீட்டுக்கு நான் மாலையோடு போனேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் பண்டிகையே இல்லை. எங்களுக்குத் தீட்டு இல்லை, குழந்தைக்காகவாவது ஒரு மத்தாப்பு கொளுத்து என்று தீபாவளிக்கு அத்தை சொல்லிப் பார்த்தார். என்னால் முடியவில்லை. பக்கத்து வீட்டு வெடிச் சத்தத்துக்குக் குழந்தை கைதட்டிக் கொண்டிருந்தாள், நான் கதவைச் சாத்திக் கொண்டு படுத்திருந்தேன். பொங்கலுக்கு அண்ணன் கரும்பும் வெல்லமும் புதுப்பானையுமாக வந்து இறங்குவார். அந்த வருடம் தெருவில் எந்த ஆட்டோ நின்றாலும் எட்டிப் பார்த்தேன். பைத்தியம் மாதிரிதான்.

அண்ணி செல்வியின் நிலைமை இன்னும் மோசம். பதினாறாம் நாள் காரியத்தன்று உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், இனிமேல் நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்காதே என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணி எங்கேயும் வருவதில்லை. ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் போன் செய்தால், "வரேம்மா" என்பார். வர மாட்டார். ஒரு வருடமாக அவர் யாழினியைப் பார்க்கவே இல்லை.

முதல் வருடத் திதி முடிந்தது. ஆனியில் யாழினிக்கு இரண்டு வயது நிறைந்து மூன்று தொடங்கியது. ஒற்றைப்படை வயதுதான், இப்போது மொட்டை போட்டுவிடலாம் என்றார் அத்தை. யார் மடியில் வைத்துப் போடுவது? பெங்களூரில் இருக்கிற சித்தப்பா மகனைக் கேட்டோம். லீவு கிடைக்கவில்லை, பார்க்கிறேன் என்று இழுத்தான். செத்தவன் இடத்தில் உட்காரப் பயப்படுகிறான் என்று புரிந்துகொண்டேன். அவனை மேலும் வற்புறுத்தவில்லை.

கத்திரி முடிந்தும் வெயில் குறையாத வருடம் அது. குழந்தையின் பின்தலையில் ஒரு கட்டி வந்தது. வேனல் கட்டி என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். அவளுக்கு அடர்த்தியான முடி, இடுப்பைத் தொடப் பார்க்கும். உள்ளே கட்டி எவ்வளவு பரவுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பிறந்த நாளுக்குக் கனகாம்பரம் வைத்துச் சடை பின்னி போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோவில் அவள் கண் சொருகியிருப்பது இப்போது பார்த்தால்தான் தெரிகிறது. காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்தைத் திருப்பினால் முனகினாள். துணி போலத் தோளில் தொங்கினாள். ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா முடியை விலக்கிப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. தோலுக்கு அடியில் சீழ் பரவியிருக்கிறது, உடனே கீறி எடுக்க வேண்டும், எலும்புக்குள் இறங்கினால் உயிருக்கு ஆபத்து என்றார். தலை முழுக்கச் சிரைத்தால்தான் எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியும் என்றார்.

அத்தை குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டார். "அம்மாவுக்கு நேந்துக்கினு இருக்கிற முடி. இங்க எடுக்கக் கூடாது" என்றார்.

அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் பெற்ற முதல் குழந்தையும் பெண்தான். தலையில் பொடுகு என்று யாரோ சொல்லி, கோயிலுக்குப் போகாமல் ஊரிலேயே முடியை எடுத்துவிட்டார்களாம். அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குழந்தை வாந்திபேதியில் போய்விட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நமக்குத் தெரிகிறது. பெற்ற வயிற்றுக்கு அப்படித் தெரியுமா? அன்று பட்ட சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் அத்தை ஒரு வழி சொன்னார். ஊருக்குப் போய் அம்மன் காலடியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு உத்தரவு கேட்கலாம், வெள்ளை வந்தால் எடுக்கலாம் என்றார். என் கணவர் டாக்டரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அத்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா பேச்சைத் தட்டத் தெரியாத மனுஷன். சீக்கிரம் வந்துவிடுகிறோம், அதுவரை கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

வார்டு வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உடம்பு நெருப்பாகச் சுட்டது. டாக்டரம்மா இரண்டு தடவை வந்து கேட்டார். மூன்றாவது தடவை, "நீ பெத்தவதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. சாமி குத்தம் என்கிற பயம் எனக்கும் இருந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் நாள் குறித்தோம், அண்ணன் போனார். இப்போது அம்மனுக்கு நேர்ந்த முடியை அவளைக் கேட்காமல் எடுத்தால் இவளும் போய்விடுவாளோ?

அங்கேயே கும்பிட்டேன். கும்பிட்டேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்று சொல்லலாம். எங்கள் பொன்னியம்மனோடு எனக்கு மரியாதைப் பேச்சு கிடையாது.

"எங்க அண்ணனை எடுத்துக்கினே. நான் உன்ன ஒரு வார்த்தை கேட்டனா? இப்ப உனக்கு முடி வேணுமா, கொழந்தை வேணுமா, நீயே சொல்லு. உனக்கு வாய் இல்லன்னா யாரையாவது அனுப்பி வெச்சிச் சொல்லு."

இதுதான் என் பிரார்த்தனை. விளக்கு இல்லை, கற்பூரம் இல்லை. பினாயில் வாசனைதான் இருந்தது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தேன். எதிரே ஊசி போடுகிற இடத்திலிருந்து ஒரு பெண் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். அது செல்வி அண்ணி.

யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் என் அம்மாவுக்குக்கூட இன்னும் போன் செய்யவில்லை. முந்தின வாரம் பஸ் ஸ்டாப்பில் அண்ணியை நாய் கடித்திருக்கிறது. அதற்கு அடுத்த ஊசி அன்றைக்குத்தான். நாய் கடித்ததில் தெய்வத்தின் கை எங்கே வந்தது என்று நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன்.

குழந்தையைப் பார்த்ததும் அண்ணி அப்படியே நின்றுவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் கை நீண்டது, பாதியில் மடங்கிக் கொண்டது.

"நான் தொடலாமாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் நான் உடைந்துபோனேன். நாங்கள் ஒரு மனுஷியை எந்த இடத்தில் கொண்டு போய் நிறுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. நான் அம்மனிடம் கேட்ட பதிலாகவே அவரைப் பார்த்தேன். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

"அண்ணி, நீங்கதான் வெச்சிக்கணும். அண்ணன் மடி இல்ல. உங்க மடி இருக்குது" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். உள்ளே ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். அண்ணி உட்காரவில்லை. "சிஸ்டர், கெழக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கையில் பிளேடோடு நின்ற நர்ஸ் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் காட்டினார். அண்ணி ஸ்டூலை ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். கண் மூடி, உதடு அசைய, அம்மன் பெயரைச் சொன்னார். பிறகுதான் தலையாட்டினார்.

மேளம் இல்லை. சீர்த்தட்டு இல்லை. என் மகளின் முதல் முடி பச்சை நிற ஆஸ்பத்திரித் துணிமேல் விழுந்தது. முடி போகப் போகக் கட்டி தெரிந்தது, ஒன்று இல்லை, மூன்று நான்கு. என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணியின் கண்ணீர் குழந்தையின் நெற்றியில் சொட்டியது, ஆனால் பிடித்த கை ஆடவில்லை. முதலில் விழுந்த முடியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

குழந்தையை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போன பிறகுதான் அத்தையும் என் கணவரும் திரும்பினார்கள். பூ கேட்கவே முடியவில்லையாம். பூசாரி ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார், சாவியும் அவரிடமே இருக்கிறது. பூட்டின கோயிலின் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கட்டின பூப்பொட்டலத்தோடு வந்திருந்தார்கள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணி பயந்து எழுந்து சுவரோரம் போய் நின்றார். அத்தை அவரையே பார்த்துக் கொண்டிருந்தார். இப்போது பெரிய சண்டை வெடிக்கும் என்று நினைத்தேன். அத்தை மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இங்க வந்து உக்காரும்மா. அவ அங்க இல்ல, அதான் கோயில் பூட்டிக்கினு இருக்குது" என்றார்.

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கொண்டு அழுதார்கள். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

டாக்டரம்மா வெளியே வந்து, நல்ல நேரத்தில் செய்தோம், சாயங்காலம் வரை விட்டிருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தினமும் கட்டு மாற்றும்போது குழந்தை கத்துகிற கத்தலில் பக்கத்துக் கட்டில் குழந்தைகளும் அழும். ராத்திரி வேலை முடித்து அண்ணி வந்து என்னைத் தூங்கச் சொல்வார். கண் வீக்கம் இறங்கி, யாழினி முதல் முறையாக இட்லி கேட்ட அன்றுதான் எனக்கு உயிர் வந்தது. வீடு திரும்பியதும் அத்தையும் அண்ணியும் சேர்ந்து ஊருக்குப் போய் அந்த முடியை அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தார்கள்.

பின்தலையில் இரண்டு இடத்தில் இனி முடி முளைக்காது என்கிறார்கள். பெரியவளானால் கேட்பாள். சொல்வேன்.

ஆவணியில் பொன்னியம்மன் கோயிலில் காது குத்தினோம். அண்ணி வந்து கடைசியில், செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். காது குத்துகிற பத்தர் ஊசியோடு தயாராக இருந்தார். யார் மடியில் குழந்தை என்று கேட்டார். அத்தை கூட்டத்தைத் தாண்டிப் போய் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பதினாறாம் நாளில் பேசிய அதே பெரியம்மா வாயைத் திறந்தார். அத்தை அவரை முடிக்க விடவில்லை. "எங்க வீட்டுக் கொழந்தை இவ மடியிலதான் பொழைச்சுது" என்றார். அண்ணி உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார்.

நான் உண்மையைச் சொல்ல வேண்டும். என் அண்ணனுக்காகவும் நான் கும்பிட்டிருக்கிறேன். அடிபட்டுக் கிடந்தபோது அவரைக் கொடுத்துவிடு என்று தரையில் விழுந்து அழுதிருக்கிறேன். கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அந்த வலி குறையவும் இல்லை. ஆனாலும் தினமும் விளக்கேற்றுகிறேன். முன்பெல்லாம் விளக்கு முன்னால் அது கொடு, இது கொடு என்று கேட்பேன். இப்போது, யாரை அனுப்பினாலும் எனக்கு அடையாளம் தெரியட்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

நீங்களும் கஷ்டத்தில் இருந்தால் கேளுங்கள். சண்டை போட்டுக்கூடக் கேளுங்கள், அவள் கோபித்துக் கொள்ள மாட்டாள். கேட்டுவிட்டு வாசலையும் கொஞ்சம் பாருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்திலும் கடைசியில், செருப்புகளுக்குப் பக்கத்தில், ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். எழுந்து போய் அவளைக் கைப்பிடித்துக் கூட்டி வாருங்கள்.