பப்பாளிப் பொடியும் பாதி செமித்த பாலும்

பிறர் வயிற்றின் வேலையை நம் அடுப்படியில் முடித்து, போத்தலில் அடைத்து விற்பதுதான் என் தொழில். குடித்த பாலைக் கக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் என் பயம் உங்களுக்குப் புரியும். என் மகள் றோசா எதைக் கொடுத்தாலும் திருப்பித் தந்தாள், கன்னம் ஒட்டிப்போனது. பாலைப் பாதி செமிக்கவைத்துக் கொடுங்கள் என்றார் கண்டி டாக்டர். வெதுவெதுப்பான பாலில் பப்பாளிக்காயில் வடியும் பாலைக் காயவைத்த பொடியைக் கலந்தால் அது செமிக்கவைக்கும். பதம் பார்த்துக் கொதிக்கவிட்டால் வேலையை நிறுத்தும். றோசாவுக்கு அது வயிற்றில் தங்கியது. பிறகு நோயாளிகள் உள்ள வீடுகளும் கேட்கத் தொடங்கின.

பொடி வந்த நாள்

தெல்தெனியவிலிருந்து பொடி கொண்டுவருபவர் காசிம் நானா. இரும்பு பட்டால் பால் கறுக்குமென்று கண்ணாடிச் சில்லால் காயைக் கீறுவார். இறைச்சியையே கரைக்கும் பொடி என்று கேள்விப்பட்டிருந்த நான் டின்னைத் தொடவே தயங்கினேன். தோலுரிந்த தன் விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்: "இது செத்த இறைச்சியத்தான் கரைக்கும், தங்கச்சி. நீங்க இன்னம் மூச்சு விடுறீங்கதானே."

கசந்த போத்தல்

செமித்தது போதாதோ என்ற பயத்தில் ஒருநாள் கூடுதல் நேரம் ஊறவிட்டேன். பால் வேப்பெண்ணெய்போல் கசந்தது. வாடிக்கைக்காரரான யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா, உத்தியோகத்தை விட்டு ஓய்ந்தவர், போத்தலோடு நேரில் வந்தார்: "பென்சன் எடுத்தது நான்தான் பிள்ளை, என்ர வயிறு இன்னும் எடுக்கேல்லை. அதுக்கும் கொஞ்சம் வேலை விட்டு வையும்."

மதருக்கு ஜெலி

கொன்வென்ட் மதர் வீட்டுக்கு வந்தபோது, அன்று பள்ளியில் அவர் படிப்பித்தபடியே ஜெலி செய்தேன். கலக்கியது பொடிக் கரண்டியால்! ஒட்டியிருந்த பொடி ஜெலட்டினையும் கரைத்துவிட, ஜெலி உறையவேயில்லை. மதர் கரண்டியை வைத்துவிட்டு, கோப்பையைத் தூக்கிக் குடித்து முடித்தார்: "இது நான் படிப்பித்த ஜெலி இல்லை, பிள்ளை. ஆனால் தாகத்துக்கு நல்லது."

பூனையின் தட்டு

றோசா தவழத் தொடங்கியதும், இனி வெறும் பாலே போதும் என்றார் டாக்டர். எனக்கு மனம் துணியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பொடியைக் கலந்துகொண்டேயிருந்தேன். திடீரென்று அவள் போத்தலைத் தட்டிவிடத் தொடங்கினாள். பழைய கக்கல் வருத்தம் திரும்பிவிட்டதென்று நினைத்து, ரிக்‌ஷா பிடிக்கச் சொல்லிக் கத்தினேன். பிள்ளை பார்க்கும் லெட்சுமி அசையாமல் அடுப்படி மூலையைக் காட்டினாள். பூனைக்கு வெறும் பால் வைக்கும் தட்டில் முகம் புதைத்து, மூக்கு நுனிவரை பாலாக, என் மகள். "ஒரு வாரமா பூனப் பாலத்தான் குடிக்குதுங்கம்மா, ஒரு சொட்டு கக்கல. பூனதான் எளச்சுப் போச்சு."

யாருக்காகத் தொடங்கினேனோ அவளே வாடிக்கையை விட்டுவிட்டதால், செமித்த பாலை இப்போது பூனை குடித்துக் கொழுக்கிறது.