பாதி பார்த்த சினிமா

போன திங்கட்கிழமை திருத்தணி பஜாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் தட்டி கட்டிய சினிமா வண்டி ஒன்று மேளத்தோடு போயிற்று. தட்டியைப் பார்த்ததும் கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன்.

அதே படம்.

ஒரே டிக்கெட்டில் நான்கு கதைகள் காட்டும் படம் அது. டைரக்டர் ஒரு விசித்திரமான ஆசாமி. அவர் படத்தில் எல்லாரும் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்று பேசுவார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பே இருக்காது. நமக்கோ வயிறு வலிக்கும். முதல் கதையில், ரயிலே நிற்காத ஸ்டேஷனில் ஒரு மாஸ்டர் தினமும் கோட்டு மாட்டிக்கொண்டு கொடி அசைப்பார். இரண்டாவதில் ஒரு போலீஸ்காரரின் மீசை திருட்டுப் போய்விடும். கேஸையும் அவரேதான் எழுத வேண்டும்…

சென்னையில் நானும் என் கணவரும் பார்த்தோம் — பாதி. இரண்டாவது கதை முடிந்ததும் குண்டுவீச்சு எச்சரிக்கைச் சைரன் ஊதிவிட்டது. ஒத்திகைதானாம். ஆனால் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

வீடு திரும்பும்போது அவர் சொன்னார்: “பாக்கி ரெண்டையும் சேர்ந்துதான் பாக்கணும். தனியா யாரும் போகக் கூடாது.”

சரி என்றேன். பத்தே நாளில் குண்டு விழப்போகிறது என்று பட்டணம் காலியாயிற்று. குழந்தைகளோடு நான் இங்கே வந்தேன். ஆபீஸ் அவரை விடவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவார். ஞாயிறு மாலை வண்டிக்குக் கிளம்பிவிடுவார்.

இந்த ஊரில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. என்ன, அவரோடு சண்டை போட தபால் கார்டில் இடம் போதவில்லை. அவ்வளவுதான்.

சினிமா வண்டியைப் பார்த்த அன்றே அவருக்கு எழுதினேன்: “படம் சனிக்கிழமையோடு போகிறது. எப்படியாவது வாருங்கள்.”

சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகளோடு ஸ்டேஷனில் நின்றேன். பட்டுப்புடவை வேறு. வண்டி வந்தது, போயிற்று. அவர் வரவில்லை.

வீட்டுச் சொந்தக்காரரின் மருமகள் ரங்கம்மா வாசலில் காத்திருந்தாள். இங்கே அவள்தான் எனக்குத் தோழி. “வாக்கா, நாம போலாம். எங்க பாவா டிக்கெட் வாங்கியாரப் போயிருக்கிறாரு.” புருஷனைத்தான் அவள் பாவா என்பாள்.

“இல்ல ரங்கம்மா. நீ போய் வா.”

“கடேசி நாளுக்கா. நாளிக்கி படப் பொட்டிய பொதட்டூர்பேட்டைக்குத் தூக்கினு பூடுவாங்க.”

நான் போகவில்லை. டூரிங் கொட்டகை கூப்பிடு தூரத்தில்தான். ஜனங்களின் சிரிப்பு வீட்டுக்குள் வந்து விழுந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ரங்கம்மா கிணற்றடியில் ஆரம்பித்தாள். “மூணாவது கதையில ஒரு கிளி வருதுக்கா…”

“சொல்லாதே. அவர் வரட்டும்.”

வந்தார். அரக்கோணத்தில் பட்டாளத்து ஸ்பெஷல் ரயிலுக்காக இவர் வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்துவிட்டார்களாம். இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை. காபி கொடுத்தேன். படம் போய்விட்டதையும், நான் பார்க்காததையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் பாத்துட்டேன்.”

“எதை?”

“மூணாவது கதை. போன மாசம், பட்டணத்துலயே. ஆபீஸ் விட்டு வந்தா வீட்ல ஒரு சத்தமும் இல்ல. உள்ள இருக்க முடியல. கால் தானா கொட்டகைக்குப் போயிடுச்சு.”

கணவன் தனியாக ஓட்டலில் சாப்பிட்டால் மன்னித்துவிடலாம். தனியாகச் சிரித்துவிட்டு வந்தால்?

“நல்லா இருந்துதா?”

“சிரிப்பு வர்ற இடத்துல எல்லாம் உன் பக்கம் திரும்பிட்டேன். பக்கத்து சீட்காரர் முறைச்சார். ரெண்டு தடவை பொறுத்தார். மூணாவது தடவை எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டார்.”

வாசலில் நின்ற ரங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நானும் சிரித்துவிட்டேன். கோபத்தை எங்கே வைத்தேன் என்று பிறகு தேடினால் கிடைக்கவில்லை.

“அப்போ நாலாவது?”

“பாக்கல. மூணாவது முடிஞ்சதும் எழுந்து வந்துட்டேன். அது உனக்கும் எனக்கும்.”

யுத்தம் வந்ததிலிருந்து எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று பாதியில் நிற்கிறது. கட்டிய சுவர், பேசிவைத்த கல்யாணம், எழுதிய பரீட்சை. எங்களுக்கு ஒரு கதை நிற்கிறது. மற்றவர்களைப் பார்க்கும்போது இதைக் குறை என்று சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல் ஸ்டேஷனுக்குப் போய் அவரை வண்டி ஏற்றிவிட்டு வந்தேன். படப்பெட்டி இப்போது பொதட்டூர்பேட்டையில் இருக்கிறது. அந்த ஊர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் — நாலாவது கதை என்ன என்று தயவுசெய்து எனக்கு எழுதிவிடாதீர்கள்.